கேட் போட்ட நேரம்

ஆட்டோ வந்து சேர்வதற்கும் ரயில்வே கேட் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. முன்னால் நின்ற தண்ணி லாரிக்காரன் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்ற வைத்தான். ஆட்டோவுக்குள்ளிருந்து ஜூடி அதைப் பார்த்தாள். கொருக்குப்பேட்டை கேட்டில் லாரிக்காரன் பீடி பற்ற வைத்தான் என்றால், இப்போதைக்குக் கேட் திறக்காது என்று அர்த்தம்.

பின் சீட்டில் அவள் தோள்மேல் சாய்ந்திருந்தாள் மாமியார் அடைக்கலமேரி. நெஞ்சின் நடுவில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ரவிக்கை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. காலையில் டீ குடித்த டம்ளரைக் கழுவப் போனவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வாயுதான், ஒரு சோடா வாங்கியா" என்றாள் முதலில். இடது கை மரத்துப்போகிறது என்று சொன்னபோது ஜூடி சோடாவை மறந்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள். 108க்கும் சொல்லியாயிற்று. வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். வந்தால் கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் வரும். ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம்தான்.

டிரைவர் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்திருந்த சைமன் தலையை வெளியே நீட்டித் தண்டவாளத்தைப் பார்த்தான். அவன் ஜூடியின் கொழுந்தன், அடைக்கலமேரிக்கு இளைய பிள்ளை, ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறவன். பொறுமை என்பது அவன் பிறந்த நேரத்தில் வேறு எங்கேயோ போயிருந்தது.

"கூட்ஸ் வருது. கெட்டுது போ" என்றான்.

நிலக்கரி வேகன்கள் ஒவ்வொன்றாக ரோட்டைக் கடந்தன. வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, ரோட்டை அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தால் வால் எது தலை எது என்று தெரியவில்லை.

இந்தக் கேட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மற்ற ஊர்களில் கேட் போட்டால் ரயில் போகும், கேட் திறக்கும். இங்கே ரயில் வரும், நிற்கும். யார்டுக்குள் இடம் கிடைக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருக்கும். பரீட்சையைக் கோட்டை விட்ட பிள்ளைகள் உண்டு, பாடையை இறக்கி வைத்துவிட்டு டீ குடித்த ஊர்வலம் உண்டு. அதனால் ஜனங்கள் தங்களுக்கென்று ஒரு வழி வைத்திருந்தார்கள். வண்டி நின்றுவிட்டதா, குனி, வேகனுக்குக் கீழே நுழை, அந்தப் பக்கம் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுப் போ. காய்கறிக்காரி கூடையை முதலில் தள்ளிவிட்டுப் பின்னாலேயே போவாள். ஆபீசுக்குப் போகிறவன் டிபன் பையை வாயில் கவ்விக்கொண்டு போவான். மேலே நடைபாலம் ஒன்று இருக்கத்தான் இருந்தது. செங்குத்தான படி, குறுகலான வழி. அதில் ஏறுகிறவனைப் பார்த்து "ஊருக்குப் புச்சா?" என்று சிரிப்பார்கள். இதை வழக்கம் என்று சொல்வது மரியாதைக்கு. திமிர் என்பதுதான் சரி.

ஜூடியின் புருஷன் வால்டர் அந்த வழியாகத்தான் போனான். ஹார்பரில் கன்டெய்னர்களைக் கப்பலோடு சேர்த்து இறுக்கிக் கட்டுகிற வேலை அவனுக்கு. ஒருநாள் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது கேட் போட்டிருந்தது. முன்னால் ஒரு கூட்டமே குனிந்து போயிற்று. கடைசி ஆளாக வால்டர் குனிந்தான். அவன் பாதி வழியில் இருக்கும்போது வண்டி ஒரு முழம் நகர்ந்தது. ஒரு முழம்தான். பிறகு மறுபடி நின்றுவிட்டது.

அது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். இதே கேட், இதே இடம்.

"அண்ணி, அம்மாவ எறக்கு" என்றான் சைமன். அதற்குள் ஆட்டோவைச் சுற்றி வந்து அம்மாவின் கையைப் பிடித்துவிட்டான். "கீய பூந்து போய்க்கலாம். அந்தாண்ட ஒரு ஆட்டோ புடிச்சா அஞ்சு நிமிசத்துல ஆஸ்பித்திரி."

"வேணாம் சைமா."

"இன்னா வேணாம்? ஒலகமே போய்கினு கீது பாரு."

உலகம் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து போனாள். அவளுக்குப் பின்னால் ஒருவன் சைக்கிளைப் படுக்கப் போட்டு இழுத்துக்கொண்டு போனான்.

இருவருமாக அடைக்கலமேரியைத் தாங்கித் தண்டவாளத்து ஓரம் வரைக்கும் கூட்டி வந்தார்கள். அங்கே கிடந்த சிமென்ட் கட்டையில் உட்கார வைத்தார்கள். "நீ புடிச்சிகினு இரு" என்று சொல்லிவிட்டு சைமன் படுத்து ஊர்ந்து வேகனுக்குக் கீழே போனான். ஜூடி கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணுக்குள்தான் அதிகமாகத் தெரிந்தது. சட்டென்று திறந்தாள். சைமனுடைய செருப்பு அந்தப் பக்கம் போய் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் சக்கரங்களுக்கு நடுவே அவன் முகம் தெரிந்தது. மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினான்.

"108 அங்க முக்குல மாட்டிகினு கீது! நான் ஆட்டோ நிறுத்திகீறேன்! அம்மாவ அனுப்பு, நான் இஸ்துக்கறேன்!"

ஜூடி பக்கத்தில் நின்ற இரண்டு ஆட்களைப் பார்த்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் போல இருந்தார்கள். "அண்ணே, பாலத்து மேல தூக்கிட்டுப் போய்டலாம். ஒரு கை குடுங்க."

பெரியவன் பாலத்தை அண்ணாந்து பார்த்தான், அடைக்கலமேரியைப் பார்த்தான். அடைக்கலமேரி ஒன்றும் இளைத்த உடம்பு இல்லை. "இம்மாம் ஒடம்ப அந்தப் படியிலயா? ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல போவ முடியாதும்மா. பாதியில வுயுந்தா மூணு பேரும் காலி. கீய தள்ளி வுட்டா ஒரு நிமிச வேலை. துண்டு போட்டு இஸ்துடலாம்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஜூடிக்கே தெரியும். ஆயிரம் தடவையில் ஒரு தடவை வண்டி நகரும். மாமியாருடைய இதயம் இந்த நிமிஷம், இதோ, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுபோய்க்கொண்டிருக்கிறது. கணக்குப் போடத் தெரிந்த எவளும் கீழே தள்ளித்தான் விடுவாள். ஆனால் வால்டருக்கும் ஆயிரத்தில் ஒன்றுதான் நடந்தது. அந்தச் சக்கரத்துக்கும் அந்தக் கருங்கல் ஜல்லிக்கும் நடுவில் இன்னொருத்தரைத் தன் கையால் தள்ளிவிட அவளால் முடியவில்லை. முடியாது. அவ்வளவுதான்.

முடியாது என்றால் வேறு என்ன முடியும்? இந்தக் கேள்வி வரும்போது ஜூடியின் கை தானாகத் துப்பட்டாவை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

வால்டர் போன பிறகு ஜூடி கிடந்த கிடை ஊருக்கே தெரியும். எழுந்தால் எழுந்தாள், படுத்தால் படுத்தாள். பிள்ளை குட்டி இல்லை. அண்ணாச்சி கடையில் பருப்பு பொட்டலம் போடுகிற வேலை. போவாள், வருவாள். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஐயோ பாவம்" என்றார்கள். பாவம் பாவம் என்று கேட்டுக் கேட்டு, தான் ஒரு ஆள் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஒருநாள் தண்ணி லாரியில் பிடித்த குடத்தை இடுப்பில் தூக்கப் போய், கால் மடங்கி, குடத்தோடு ரோட்டில் விழுந்தாள். நாலு பேர் ஓடி வந்து "பாவம்" என்று தூக்கிவிட்டார்கள். எதிரில்தான் மஜீது பாயின் ஜிம். வாசலில் "காலை மகளிர் நேரம்" என்று போர்டு எழுதிப் போட்டு, ஒரு மகளிரும் வராமல் அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஈரத் துணியோடு, முழங்கையில் ரத்தத்தோடு ஜூடி உள்ளே போய், "நான் இன்னொரு தபா வுயக்கூடாது பாய். அதுக்கு இன்னா பண்ணணும்?" என்றாள்.

எடை மாட்டாத வெறும் இரும்பு ராடைத் தூக்குவதே முதல் வாரம் பெரும்பாடாக இருந்தது. ஆனால் இரும்பு அவளைப் பார்த்துப் பாவம் என்று சொல்லவில்லை. முடிந்தால் தூக்கு, முடியாவிட்டால் வை. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. ராத்திரி படுக்கும்போது, நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம் வர ஆரம்பித்தது. நாளைக்கு என்ற சொல்லே அவள் வாயில் பல மாசமாக வராமல் இருந்த சொல். இப்போது அண்ணாச்சி கடையில் பருப்பு மூட்டையை ஆள் கூப்பிடாமல் அவளே நகர்த்தினாள். அண்ணாச்சி "ஏட்டீ, மெதுவா" என்று பதறுவார். அவளுக்குச் சிரிப்பு வரும். சிரிப்பு வருகிறதே என்று ஆச்சரியமும் வரும்.

அடைக்கலமேரிக்கு மட்டும் இது அறவே பிடிக்கவில்லை. "புருசன் செத்தவ பேண்ட்ட மாட்டிகினு பஸ்கி எடுக்கறா" என்று கோயில் வாசலில் யாரோ சொன்னதை வீட்டில் வந்து அப்படியே இறக்கி வைத்தாள். "இரும்பத் தூக்கித் திரும்பக் கீயவே வெக்கறியே, அது இன்னாத்துக்குடி?" என்று கேட்டாள். ஜூடிக்கு அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல் எழுந்து போனாள்.

"அத்தே" என்று ஜூடி இப்போது குனிந்தாள். "என் முதுகுல ஏறிக்கிறீங்களா?"

அடைக்கலமேரி கண்ணைத் திறந்தாள். வேகனைப் பார்த்தாள். சக்கரத்துக்கு நடுவே நீண்டிருந்த பிள்ளையின் கைகளைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி மருமகளின் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். வலியில் இருக்கிறவர்கள் எதையாவது பிடித்துக்கொள்வார்கள், அதுதான் என்று ஜூடி நினைத்தாள்.

மீன்கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்தாள். ஜூடி சொல்லாமலேயே துப்பட்டாவை வாங்கி அடைக்கலமேரியின் தொடைக்குக் கீழே கொடுத்து, ஜூடியின் இடுப்பைச் சுற்றி முன்னால் முடிச்சுப் போட்டாள். "நான் பின்னால புடிச்சிகினு வரேன். நீ நட" என்றாள். அவள் கூடை அங்கேயே கிடந்தது.

"அண்ணி! இன்னா பண்ற? அண்ணீ!" கீழேயிருந்து சைமன் கத்தினான்.

ஜூடி மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கினாள். முதுகால் இழுக்காதே, காலால் தள்ளு. மஜீது பாய் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவார், கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வார்த்தை. தள்ளினாள். எழுந்துவிட்டாள்.

எழுந்த உடனே ஒன்று புரிந்தது. இந்த எடையை அவள் ராடில் தூக்கியிருக்கிறாள், இதற்கு மேலும் தூக்கியிருக்கிறாள். ஆனால் ராடு தொங்காது, நழுவாது, காதில் மூச்சு விடாது. முக்கியமாக, ராடை முடியாவிட்டால் தொப்பென்று கீழே போட்டுவிடலாம். அதற்காகத்தான் மஜீது பாய் ரப்பர் மெத்தை விரித்து வைத்திருக்கிறார். இதைக் கீழே போட முடியாது.

படிக்கட்டில் கால் வைத்தாள். மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒருவன் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி ஏறினான். "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று மீன்காரம்மாவின் குரல் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. கீழே கூட்டத்தில் எவனோ, "கூறு கெட்ட பொம்பள, அந்தம்மாவ சாவடிக்கப் போறா" என்றான். அது அவள் காதில் நன்றாக விழுந்தது. ஒருவேளை அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. தோன்றினாலும் கால் நிற்கவில்லை.

முதல் திருப்பம் வரைக்கும் வேகமாகவே ஏறிவிட்டாள். அங்கே கைப்பிடியில் இடுப்பைச் சாய்த்து ஒரு மூச்சு வாங்கினாள். தொடை இரண்டும் தீயாக எரிந்தன. அடைக்கலமேரியின் மூச்சு கழுத்தில் சூடாக, சின்னச் சின்னதாகப் பட்டது. அதையே பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினாள். ஒரு படிக்கு ஒரு மூச்சு. அவள் மூச்சு ஒன்று, அத்தை மூச்சு ஒன்று.

பாலத்தின் மேல் தட்டுக்கு வந்துவிட்டாள். நடக்க வேண்டிய தூரம் அதிகமில்லை, ஆனால் தகடு தகடாகப் போட்ட தரை ஒவ்வொரு அடிக்கும் மடமடவென்று அதிர்ந்தது. கீழே நிலக்கரி மலை மலையாக நின்றது. பாதியில் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. கழுத்தில் படுகிற மூச்சைக் காணோம்.

"அத்தே."

பதில் இல்லை. கழுத்தைச் சுற்றியிருந்த கை தளர்ந்து நழுவியது.

"அத்தே! யக்கா, மூச்சு வருதா பாரு, மூச்சு வருதா!"

மீன்காரம்மா அடைக்கலமேரியின் முகத்தருகே போனாள். அந்த நேரம் பார்த்து எங்கேயோ ரயில் ஹாரன் அடித்தது. நீளமாக, காதைப் பிளக்கிற மாதிரி. ஜூடி அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குத் தெரிந்த சத்தம் அது. ஹாரன் அடிக்கும், பிறகு அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு கொக்கியாக டமார் டமார் என்று இழுபட்டு வரும், பிறகு வண்டி நகரும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். சைமன் அந்தப் பக்கம் எழுந்து நிற்கிறானா, இன்னும் கீழேதான் கிடக்கிறானா? பார்க்க முடியவில்லை. கத்தலாம் என்றால் கத்துகிற மூச்சில்தான் முதுகு நிற்கிறது. கத்தினால் இருவரும் கீழே. உள்ளுக்குள்ளே, மாதாவே மாதாவே என்று மட்டும் ஓடியது.

கொக்கிச் சத்தம் வரவில்லை. ஹாரன் வேறு எந்த லைனிலோ, வேறு எந்த வண்டியோ. கீழே நின்ற கூட்ஸ் ஒரு நூல்கூட நகரவில்லை.

"மூச்சு கீது. மெதுவா கீது. நட, நட" என்றாள் மீன்காரம்மா, முதுகில் ஒரு தட்டுத் தட்டி.

ஏறுவதைவிட இறங்குவது கொடுமை என்பதை அன்றைக்குத்தான் ஜூடி கண்டாள். ஒவ்வொரு படியிலும் முழங்கால் கழன்று போகிற மாதிரி இருந்தது. தளர்ந்த கையை ஒரு கையால் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். மறு கை கைப்பிடியில். துப்பட்டா முடிச்சு இடுப்பை அறுத்தது. கண் முன்னால் பூச்சி பறந்தது. இன்னொரு படி. இன்னொன்று. ஒரு இடத்தில் வாய்விட்டே சொன்னாள், "வுயமாட்டேன், நான் வுயமாட்டேன்". யாரிடம் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

கடைசிப் படியில் சைமன் ஓடி வந்து அம்மாவை வாங்கிக்கொண்டான். ஆட்டோவில் கிடத்தினார்கள். ஜூடி கால் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியபோதுதான் சைமன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"திரும்பிப் பாரு" என்றான். "நல்லா பாரு."

அவள் பார்த்தாள். கூட்ஸ் அங்கேயேதான் நின்றது. அதற்குக் கீழே ஒரு ஆள் ஊர்ந்து வந்து, எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நகரவே இல்ல. நீ மலை ஏறி எறங்கற வரிக்கும் நகரவே இல்ல. எப்பவோ ஆஸ்பித்திரியில இருந்திருப்போம்." அம்மாவின் தலையைத் தாங்கிப் பிடித்தான். "எங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா உன்ன சும்மா வுட மாட்டேன் அண்ணி. எங்கண்ணன் பொண்டாட்டின்னு பாக்க மாட்டேன்."

ஜூடி அத்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கால் ஜில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிற்று, கதவு மூடியது. வெளியே பெஞ்சில் ஒரு கோடியில் சைமன், மறு கோடியில் ஜூடி. நடுவில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். இரண்டு மூன்று தடவை கதவு திறந்தது, வேறு யாரையோ கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் சேர்ந்து எழுந்தார்கள், சேர்ந்து உட்கார்ந்தார்கள், முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. இதற்காகவா இத்தனை நாள் தூக்கினேன் என்று ஜூடி நினைத்தாள். வால்டருக்குப் பிறகு தனக்கென்று ஒன்று கிடைத்தது என்று சந்தோஷப்பட்டோமே, கடைசியில் அதுவே ஒரு உயிரைக் கொண்டுபோகப் போகிறதா? இந்தத் தெம்பு இல்லாத பழைய ஜூடியாக இருந்திருந்தால் பேசாமல் கீழே தள்ளிவிட்டிருப்பாள். மாமியார் எப்பவோ உள்ளே போயிருப்பாள்.

மத்தியானம் டியூட்டி டாக்டர் வெளியே வந்தாள். சட்டைப் பையில் தஸ்னீம் என்று பெயர் குத்தியிருந்தது. சின்னப் பெண், தூக்கமில்லாத கண்.

"அடைக்கலமேரி அட்டெண்டர்? அடைப்பை எடுத்தாச்சு. உயிருக்குப் பயமில்ல." சைமன் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான். டாக்டர் தொடர்ந்தாள். "ஆனா இதயத்துல ஒரு பக்கம் பலவீனமாயிடுச்சு. இனிமே ஜாக்கிரதையா இருக்கணும், மாத்திரை விடவே கூடாது. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தீங்கன்னா இவ்வளவு பாதிப்பு இருந்திருக்காது."

டாக்டர் போய்விட்டாள். அவளுக்கு அது தினமும் சொல்கிற வாக்கியம்.

சைமன் முகத்திலிருந்து கையை எடுத்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கேட்டுகினியா?" என்றான் அமைதியாக.

"கேட்டேன்."

"இப்ப இன்னா சொல்ற?"

ஜூடி யோசித்தாள். மன்னிப்புக் கேட்டுவிடலாம். கேட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் தன்னால்தான் போனது, அத்தையின் இதயத்தில் ஒரு பக்கம் தன்னால்தான் போனது, அது உண்மை. சாகிற வரைக்கும் அது அவளோடு இருக்கும். ஆனாலும் நாளைக்கே மறுபடி அந்தக் கேட்டில் நின்றால் என்ன செய்வாள் என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். பதில் உடனே வந்தது.

"என் கையால யாரையும் அதுக்குக் கீய அனுப்ப மாட்டேன் சைமா" என்றாள். "நீ இன்னா வேணா நெனச்சிக்கோ. உன்னையும் அனுப்ப மாட்டேன்."

அவன் பெஞ்சை விட்டு எழுந்து வராண்டாவின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டான்.

சாயந்திரம் இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள். அடைக்கலமேரி குழாய்களுக்கு நடுவே சுருங்கிப்போய்க் கிடந்தாள். சைமன் கட்டிலருகே மண்டியிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுகை நின்றதும் பகல் முழுக்க அடக்கி வைத்ததைக் கொட்டினான்.

"ஒரு நிமிச வேலைம்மா. நான் கைய நீட்டிகினு கீறேன். இவ கேக்கல. வண்டி நகரவே இல்ல. டாக்டரே சொல்லிச்சு, முன்னாடியே வந்திருந்தா இவ்ளோ கெட்டுப் போயிருக்காதுன்னு. இவ வீம்புக்கு உன்ன மேல தூக்கிகினு போனா."

அடைக்கலமேரி கண்ணைத் திறந்தாள். உதட்டை நனைத்துக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அவ எங்கடா தூக்கிகினு போனா? ஏறிக்கிறியான்னு கேட்டா. நான்தான் ஏறுனேன்."

"உனக்கு அப்ப நெனப்பே இல்லம்மா…"

"எல்லா நெனப்பும் இருந்திச்சு." மூச்சு வாங்கினாள். "என் புள்ள கெடந்த எடம்டா அது. அது மேல என்ன ஊந்து வரச் சொல்றியா?"

சைமன் காலையில் அதே இடத்தில் படுத்து ஊர்ந்து போனது, மண்டியிட்டது, அம்மா வா வா என்று கையை நீட்டியது எல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. சட்டை முழங்கையில் இன்னும் நிலக்கரிக் கறை இருந்தது. அதை மறு கையால் துடைத்தான். போகவில்லை. மறுபடி துடைத்தான்.

ஜூடி கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காலையில் பாலம் ஏறி இறங்கிய கால், இப்போது யாரும் கேட்காமல் தடதடவென்று ஆட ஆரம்பித்தது. கம்பியும் சேர்ந்து ஆடியது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் அவளால் அதை நிறுத்த முடியவில்லை.

அடைக்கலமேரி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"ஒக்காருடி" என்றாள். "வா, என் பக்கத்துல ஒக்காரு. டேய், நகுரு, அவ ஒக்காரட்டும்."